மாஸ்ரருக்கு முன்வரிசை

முன்வரிசையில் இருந்தவர்கள்.

தூணோரம் மாஸ்ரர். ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாட்டு நடத்துகிறவர். ஆர்மோனியமும் அவர்தான். அன்றைக்குச் சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் சிவப்பு ரை.

அவருக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி. கலியாணத்துக்கு உடுக்கிற சேலை.

அடுத்தது தபேலா அடிக்கிற அண்ணை.

அடுத்தது பாட்டுக் குழுவில் பொம்பிளைகள் பக்கம் நிற்கிற ஒரு அக்கா.

கடைசியில், நடைபாதை ஓரமாக, நான்.

பின்னால் எல்லாம் வெள்ளைக்காரர். ஒருவரையும் எனக்குத் தெரியாது. முன்னால் ஒரு கறுப்புப் பியானோ. அதை வாசிக்க ஒரு கொரியப் பெட்டை. பியானோவின் வளைவில் நின்று பாடியது என் மகன்.

அந்த நாலு பேரையும் அந்த நீள மர வாங்கில் இருத்தியது நான். யார் எங்கே இருப்பது என்று முடிவு செய்ததும் நான். மாஸ்ரர் எழும்பிப் போகாமல் கடைசிவரை இருந்து என் மகனின் குரலைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு எட்டு வருடம் பார்த்திருந்தேன்.

அவனுக்குப் பதினாறு வயதில் நடந்தது. நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து கொஞ்ச நாள். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் ஒரு அறை வீடு. தகப்பன் இல்லை, ஊரிலேயே முடிந்துபோனார். எங்கள் அகதி வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. வழக்குக்கு மொழிபெயர்க்க மாஸ்ரர்தான் வருவார்.

பெரிய வெள்ளிக்குப் பாட்டுப் பழக்கம். கோயில் பேஸ்மென்றில். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம். புலம்பல் பாட்டில் ஒரு இடம் மேலே ஏறும். பொம்பிளைகளுக்கே எட்டவில்லை. அந்த இடம் வந்ததும் இருமினார்கள், சேலையைச் சரிசெய்தார்கள். மூன்றாம் தரம் பாடும்போது ஒரு குரல் அங்கே போய் நின்றது. ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து.

மாஸ்ரர் ஆர்மோனியத்தை நிறுத்தினார்.

“உது ஆற்றை குரல்?”

பொம்பிளைகள் என் மகனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தம்பி, உம்மடையோ?”

“ஓம் மாஸ்ரர்.”

“இன்னொருக்காப் பாடும் பாப்பம்.”

பாடினான்.

“அட, இவ்வளவு நாளும் உம்மைப் பிழையான பக்கத்திலையெல்லோ நிப்பாட்டி வைச்சிருக்கிறன். அங்காலை போய் நில்லும்.”

சிரித்தார்கள். மகன் அங்காலே போனான். பெரியவர்கள் சொன்னால் செய்கிற பிள்ளை.

“பொறும் பொறும். பொம்பிளையள் முக்காடு இல்லாமல் பூசைக்கு நிக்கிறேல்லை. ஆரும் ஒண்டு குடுங்கோ.”

அந்த அக்கா தன் தலையில் கிடந்த வெள்ளை முக்காட்டை உருவிக் கொடுத்தார். மாஸ்ரர் எழும்பி வந்து அதை என் மகனின் தலையில் போட்டார். நாடிக்குக் கீழே முடிச்சும் போட்டார். அண்ணை தபேலாவில் ஒரு தட்டுத் தட்டினார். கூத்தில் கோமாளி வரும்போது தட்டுகிற தட்டு. மாஸ்ரரின் மனைவிக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இப்ப சரி. பாடுங்கோ தங்கச்சி” என்றார் மாஸ்ரர்.

அவன் பாடினான். தலையில் முக்காட்டோடு பாட்டு முழுவதும் பாடினான். பிறகு முடிச்சை அவிழ்த்து, துணியை நாலாக மடித்து, அக்காவிடம் கொடுத்தான். “தாங்ஸ் அன்ரி” என்றான்.

நான் பின்னால் ஒரு கதிரையில் இருந்தேன். எழும்பவில்லை. வழக்கு இருந்தது.

பஸ்ஸில் அவன் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். அடுத்த கிழமை பழக்கத்துக்கு வரவில்லை. பெரிய வெள்ளிக்கும் வரவில்லை. வீட்டில் குளிக்கும்போது பாடுகிறவன், அதையும் விட்டான். பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் அவனைப் பிடித்துப் பாட வைத்தார். அந்தக் குரலுக்கு ஒரு பெயர் இருக்கிறதாம். கவுண்டர்ரெனர். பாடுகிறவன் ஆம்பிளைதான், குரல் மட்டும் பொம்பிளைகளின் உயரத்துக்குப் போகும். அந்தக் குரலுக்கென்றே பழைய காலத்தில் எழுதி வைத்த பாட்டுகள் இருக்கின்றனவாம். அவன் வந்து சொன்னபோது நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்ப பிழையான பக்கம் இல்லை” என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான்.

பிறகு யூனிவேசிற்றி. அதுவும் பாட்டுப் படிக்கத்தான். நான் ஹோட்டல் லோண்ட்ரியில் படுக்கைச் சீலை மடித்தேன். அவன் டோனற் கடையில் வேலைக்கு நின்றான். அப்படிப் போனது.

வழக்கு வென்றோம். மாஸ்ரரின் தயவு எனக்கு இனி வேண்டாம். அன்றைக்கே போய் வாயால் நாலு கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு கிழமை கதைப்பார்கள், பிறகு எனக்குத்தான் வாய் கூட என்பார்கள். நான் வேறு வேலை செய்தேன். அந்த நாலு பேரின் வீட்டு விசேஷம் ஒன்றையும் விடவில்லை. மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு, மகனின் கலியாணம், பேரப்பிள்ளையின் பிறந்தநாள், மாமியாரின் செத்தவீடு. அழைத்தால் முதல் ஆளாகப் போவேன். குசினிக்குள் நின்று ரோல்ஸ் பொரிப்பேன். கடைசியாக வருவேன். ஸ்ரௌவ்வில்லில் மாஸ்ரரின் மருமகன் புது வீடு வாங்கியபோது, பஸ் போகாத இடம், ஒருவரிடம் கெஞ்சி அவர் காரில் போனேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. நீ என் வீட்டு நன்மை தின்மைக்கு வந்தால் நான் உன் வீட்டுக்கு வரத்தான் வேண்டும். வராவிட்டால் ஊர் கேட்கும். என் வீட்டில் விசேஷம் என்று ஒன்றும் நடந்ததில்லை. எல்லாரும் எனக்கு ஒரு வரவு பாக்கி.

தொண்ணூறுகளின் கடைசியில் மகன் படிப்பை முடித்தான். ஒரு ஞாயிறு பின்னேரம், டவுன்டவுனில் ஒரு பழைய கல் தேவாலயத்தில், அவனும் பியானோவும் மட்டும் என்று ஒரு கச்சேரி ஒழுங்கானது. எனக்கு ஒரு கட்டு அழைப்பிதழ் கொண்டுவந்து தந்தான். “தெரிஞ்ச ஆக்களுக்குக் குடுங்கோ அம்மா” என்றான்.

ஒன்றையும் நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அதில் உள்ள நேரத்தை வாசிப்பார்கள். மூன்று மணி என்று இருந்தது. எங்கள் ஆட்களுக்கு மூன்று என்றால் நாலு. அந்த இடத்தில் பாட்டுத் தொடங்கினால் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் வீடு வீடாகப் போய் வாயால் சொன்னேன். கலியாணத்துக்குச் சொல்கிற மாதிரி. போனில் சொன்னால் தட்டலாம், வாசலில் வந்து சொன்னால் தட்ட ஏலாது. இரண்டு மணி என்று சொன்னேன்.

மாஸ்ரரின் வீடு மோர்னிங்சைட்டில். சப்வே, பிறகு பஸ். தேத்தண்ணி தந்தார்கள்.

“தம்பி பெரிய இடத்துக்குப் போட்டான் எண்டு கேள்விப்பட்டனான்” என்றார் மாஸ்ரர். “அப்பவே எனக்குத் தெரியும் பிள்ளை. ஆர் முதல் பழக்கினது? நான்தானே.”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

“இஞ்சையப்பா,” என்று மனைவியைக் கூப்பிட்டார், “எங்கடை பெடியன் இங்கிலீசிலை கச்சேரி வைக்கிறான். நாங்கள் போகாமல் விடுறதே?”

அவருக்கு நினைவில்லை. நடிக்கவில்லை, உண்மையாகவே நினைவில்லை. நான் எட்டு வருடம் சுமந்ததை அவர் அன்றைக்கே பேஸ்மென்றில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது எனக்கு முக்காட்டைவிடக் கூடச் சுட்டது.

“முடிவிலை நான் ரெண்டு வசனம் பேசத்தான் வேணும்” என்றார். “வெள்ளைக்காரரும் வருவினம் என்ன? தமிழிலையும் இங்கிலீசிலையும் எழுதிக்கொண்டு வாறன். பழக்கின ஆள் பேசாட்டி அது என்ன சபை?”

“ஓம் மாஸ்ரர். பேசுங்கோ.”

“ஆரும் ஒழுங்கு செய்யிற ஆக்களிட்டைச் சொல்லிவிடும்.”

“நான் பாத்துக்கொள்ளுறன்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது தனியே இருந்து சிரித்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டேன்.

“கச்சேரி முடிய ஆரும் பேசுவினமோ?”

“என்ன பேச்சு?”

“வாழ்த்துரை, நன்றியுரை.”

“நோ அம்மா. பாடுறது. கும்பிடுறது. போறது. ஏன்?”

“சும்மா கேட்டனான்.”

“ஆரைக் கூப்பிட்டனீங்கள்?”

“தெரிஞ்ச ஆக்களை.”

அந்த ஞாயிறு நான் ஒன்றரைக்கே போய் வாசலில் நின்றேன். மூன்று மணிக்குக் கொஞ்சம் இருக்க மாஸ்ரர் ஓட்டிவந்த வான் வந்து நின்றது. நாலு பேரும் ஒன்றாக இறங்கினார்கள். நான் போட்ட நேரம் சரியாகத்தான் வேலை செய்தது.

“பிந்திப்போச்சே பிள்ளை?”

“இல்லை மாஸ்ரர். உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

தபேலா அண்ணை உள்ளே எட்டிப் பார்த்தார். “வீடியோக்காரன் வரேல்லையோ?”

“இல்லை அண்ணை.”

“சாப்பாடு பிறகோ?”

“இடைவேளையிலை பிஸ்கற் குடுப்பினம்.”

“பிஸ்கற்றோ. நான் காலமை ஒண்டும் தின்னாமல் வந்து நிக்கிறன்.”

வெள்ளைக்காரர் முன்வரிசையில் இருக்கமாட்டார்கள். அது வெறுமையாகக் கிடந்தது. எங்கள் ஆட்களுக்கு முன்வரிசை கொடுத்தால் மரியாதை. மாஸ்ரரை முதலில் உள்ளே போகவிட்டேன். வாங்கின் அந்த முனையில் கல்தூண், வெளியே போக வழி இல்லை. மற்ற மூன்று பேரையும் பிறகு விட்டேன். கடைசியாக நான் இருந்து இந்த முனையை அடைத்தேன்.

மாஸ்ரர் எட்டி என்னைக் கேட்டார். “மைக்கைக் காணேல்லை?”

“இஞ்சை மைக் பாவிக்கிறேல்லை மாஸ்ரர்.”

“அப்ப நான் எப்பிடி?”

“உங்கடை குரலுக்கு மைக் என்னத்துக்கு?”

அவருக்கு அது பிடித்தது. கோட்டுப் பையைத் தட்டிப் பார்த்தார். கடதாசி அதற்குள் இருந்தது.

பக்கக் கதவால் இருவரும் வந்தார்கள். பியானோக்காரப் பெட்டை பச்சைச் சட்டை. மகன் முழுக் கறுப்பு. கைதட்டினார்கள். குனிந்து நிமிர்ந்தான். நிமிரும்போது முன்வரிசையைக் கண்டான்.

நான் எல்லாம் யோசித்திருந்தேன். நேரம், வாங்கு, தூண் எல்லாம். மாஸ்ரர் அவனைப் பார்ப்பார் என்று மட்டும்தான் யோசித்தேன். அவன் மாஸ்ரரைப் பார்ப்பான் என்பதை யோசிக்கவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு கட்டில் நீளம் கூட இல்லை.

அவன் நின்றான். பெட்டை விரலைக் கட்டைகளில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். பின்னால் ஒருவர் இருமினார். இனி இவன் திரும்பி உள்ளே போய்விடுவான் என்று நினைத்தேன். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தேன்.

பிறகு அவன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம். திரும்ப மாஸ்ரரைப் பார்த்தான். பெட்டைக்குத் தலையை ஆட்டினான்.

முதல் இரண்டு வரி மெல்லியதாக வந்தது. பிறகு குரல் வந்தது. நான் படித்தவள் இல்லை, எப்படிச் சொல்வது என்று தெரியாது. அவன் கத்தவில்லை. மேலே இருந்தது அந்தக் குரல், ஆனால் தரையில் காலூன்றி நின்ற மாதிரி இருந்தது. கல்லுக் கட்டடம் முழுவதும் அது போனது. அவன் கண் மட்டும் எங்கும் போகவில்லை. மாஸ்ரரின் முகத்திலேயே நின்றது.

மாஸ்ரர் முதலில் புன்னகை செய்தார். முழங்காலில் தாளம் போட்டார். தாளம் பாட்டோடு ஒட்டவில்லை. விட்டுவிட்டார்.

“உங்களைத்தான் பாக்கிறான்” என்று மனைவி அவர் காதில் சொன்னார்.

“ஓம். பழக்கினவனெல்லோ.”

இரண்டாம் பாட்டிலும் அவரைத்தான் பார்த்தான். மூன்றாம் பாட்டிலும். மாஸ்ரர் ரையைத் தளர்த்தினார். நாலாம் பாட்டுக்குக் கையில் இருந்த நிகழ்ச்சித் தாளை எடுத்துக் குனிந்து வாசிக்கத் தொடங்கினார். மகன் பாடவில்லை. காத்துக்கொண்டு நின்றான். பெட்டையும் காத்தாள். கட்டடத்தில் ஒரு சத்தம் இல்லை. பின்னால் இருந்தவர்கள் அதையும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். சத்தம் ஒன்றும் இல்லாதபடியால் மாஸ்ரர் தலையை நிமிர்த்தினார். நிமிர்த்தினதும் மகன் தொடங்கினான்.

அதற்குப் பிறகு எல்லாம் அப்படித்தான். அவர் நிமிரும்வரை இவன் வாய் திறக்கவில்லை.

எனக்கு அந்தப் பாசைகள் ஒன்றும் விளங்காது. இத்தாலியன், ஜெர்மன், பழைய இங்கிலீசு என்றார்கள். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கின மாதிரி இருந்தது.

இடைவேளையில் மாஸ்ரர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வான் சாவி கையில் இருந்தது.

“பிள்ளை, தம்பி ஏன் என்னை உப்பிடிப் பாக்கிறான்?”

“இஞ்சை அவனுக்குத் தெரிஞ்ச முகம் நீங்கள்தானே.”

அவர் சாவியைப் பார்த்தார். “பேச்சு இப்பவோ, பிறகோ?”

“கடைசியிலை மாஸ்ரர். எல்லாரும் இருக்கேக்கை.”

சாவியைப் பையில் போட்டார். பேச்சு இல்லாவிட்டால் போயிருப்பார். போய்த் திரும்ப முன்வரிசையில் இருந்தார்.

கோட்டுகள் தொங்குகிற இடத்தில் அந்த அக்கா என்னைப் பிடித்தார்.

“பிள்ளை. அவன் அதை மறக்கேல்லைப் போலை.”

“எதை அக்கா?”

அவர் தன் கோட்டின் பொத்தானைத் திருகினார். “நான்தானே உருவிக் குடுத்தனான்.”

“ஓம். நீங்கள்தான்.”

“பகிடிக்குத்தானே பிள்ளை. எல்லாரும் சிரிச்சவை.”

“ஓம் அக்கா. எல்லாரும்தான்.”

“நான் போறன். எனக்குத் தலையிடிக்குது.”

“சப்வே வலது பக்கம்” என்றேன்.

இரண்டாம் பாதியில் அவருடைய இடம் வெறுமையாகக் கிடந்தது. தபேலா அண்ணை கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மாஸ்ரரின் மனைவி ஒன்றும் காதில் சொல்லவில்லை. மகன் ஒவ்வொரு பாட்டுக்கும் காத்தான். மாஸ்ரர் ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிர்ந்தார். வேர்த்து அவருடைய கழுத்துப் பட்டை கறுத்துவிட்டது. தூண் பக்கம் திரும்பினால் கல். என் பக்கம் திரும்பினால் நான்.

கடைசியில் எல்லாரும் எழும்பி நின்று தட்டினார்கள். இருவரும் உள்ளே போனார்கள், திரும்ப வந்தார்கள். தாளில் இல்லாத ஒரு சின்னப் பாட்டு, அதையும் பாடினான். அதற்கும் காத்தான். பிறகு குனிந்தார்கள். பக்கக் கதவு சாத்தியது.

மாஸ்ரர் கடதாசியை எடுத்தார். எங்களைத் தாண்டிப் போய்ப் பியானோவுக்குப் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“மதிப்புக்குரிய சபையோரே.”

சனம் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் மட்டும் நின்று, மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். மாஸ்ரர் இங்கிலீசுப் பக்கத்தைத் திருப்பினார். “லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்” என்றார். தேவாலயத்தில் வேலை செய்கிற ஒரு பெடியன் வந்து பியானோ மூடியை இறக்கினான். “சேர், வீ ஆர் குளோசிங்” என்றான். விளக்குகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தன.

மாஸ்ரர் என்னிடம் வந்தார்.

“கூப்பிடேல்லை?”

“கூப்பிட மாட்டினம் மாஸ்ரர். இஞ்சை பேச்சு எண்டு ஒண்டு இல்லை.”

“நீர் ஓம் எண்டனீரே.”

“ஓம் எண்டனான்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“நான் உமக்கு என்ன செய்தனான்?”

“எனக்கு இல்லை. அவனுக்கு. முக்காடு போட்டனீங்கள்.”

“எந்த முக்காடு?”

பதில் சொன்னது அவருடைய மனைவி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பேஸ்மென்றிலை. பெரிய வெள்ளிப் பழக்கத்துக்கு. நீங்கள்தான் முடிச்சும் போட்டனீங்கள்.”

மாஸ்ரருக்கு அப்போதுதான் வந்தது. வந்ததை முகத்தில் கண்டேன்.

“அதுக்கே பிள்ளை, இவ்வளவும்?”

“அதுக்குத்தான்.”

அவர் கடதாசியை மடிக்கப் பார்த்தார். மடிப்பு சரியாக விழவில்லை. தபேலா அண்ணை அவரின் முழங்கையில் பிடித்து வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் வழியனுப்பப் போகவில்லை.

நானும் மகனும் வீட்டுக்கு நடந்தோம். குளிர் தொடங்கிவிட்டது. அவன் கழுத்தைச் சால்வையால் சுற்றியிருந்தான்.

“நீங்கள்தானே முன்னுக்கு இருத்தினது?”

“ஓம்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னால் விட்டிருப்பியோ?”

“இல்லை.”

சிவப்பு விளக்கில் நின்றோம்.

“தொண்டை அடைச்சுப்போச்சு அம்மா. முதல் வரியிலை.”

“கண்டனான்.”

“பிறகு கோவம் வந்தது. கோவம் வரக் குரல் நேரை போகுது.” கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னான். “ஒரு பாட்டுக்கும் அவரை விடேல்லை.”

“ஒண்டுக்கும்?”

“ஒண்டுக்கும்.”

பாணும் கேக்கும் விற்கிற கடையின் கண்ணாடி வெளிச்சத்தில் நின்று நிகழ்ச்சித் தாளை எடுத்தேன். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. வரி எண்ணத் தெரியும், ஒரு பாட்டுக்கு ஒரு வரி. விரலை வைத்து எண்ணினேன். கடைசியாகப் பாடின, தாளில் இல்லாத சின்னப் பாட்டையும் சேர்த்தேன்.

இருபத்தொன்று.